மாமாவும் மேகாத்தும்

ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் டிராக்டர் ஓட்டுபவருக்கு ஸ்டியரிங் பாதிதான் சொந்தம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30, 40 கிலோமீட்டருக்கு மலையே கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து, மழையைக் கேரளத்துக்குக் கொடுத்துவிட்டு, வேகத்தை மட்டும் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடத்துக்குக் கொண்டுவருகிறது.

இதெல்லாம் மாமாவுக்கும் தெரியும். ஆனாலும் ஆனைமலையில் வைக்கோல் சல்லிசாகக் கிடைத்ததும் டிரெய்லரில் கட்டுக்குமேல் கட்டாக அடுக்கிவிட்டார். கரண்டுக் கம்பி குறுக்கே இருந்ததால்தான் நிறுத்தினார்.

"மாமா, காத்து பலமா இருக்குதுங்க."

"வெறும் வைக்கப்புல்லு மாப்ள. கல்லா, மண்ணா?"

கல்லாக இருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். கல் லோடு தாழ்வாக, கனமாக உட்கார்ந்துகொள்ளும். வைக்கோல் லோடு சுவர் அளவுக்கு உயரம், எடையோ அதற்கு ஏற்றபடி இல்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகிறது. மாமாவிடம் கணக்குச் சொல்லலாம். வட்டிக் கணக்காக இருந்தால் கேட்பார்.

உடுமலை வரை காற்று முதுகுப்பக்கம். டீசல் மிச்சமாகிறது என்று மாமா பாட்டே பாடினார். அங்கிருந்து பல்லடத்துக்கு வடக்கே திரும்பியதும் மேகாத்து, அதாவது மேற்குக் காற்று, இடதுபக்கம் மோதியது. டிரெய்லரின் வால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட, மாமாவின் கால் பிரேக்குக்குப் போனது.

டிராக்டருக்குப் பிரேக் மிதி இரண்டு. வயலில் சட்டென்று திரும்புவதற்காக ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் ஒன்று. ரோட்டில் ஏறும்போது இரண்டையும் கொக்கியால் சேர்த்துப் பூட்டவேண்டும். மாமா உழவுக்காட்டிலிருந்து நேராக வந்தவர், பூட்டவில்லை. ஒற்றை மிதியை அழுத்தியிருந்தால் டிராக்டர் ஒருபக்கம் இழுக்க, பின்னாலிருந்து டிரெய்லர் தள்ள, எங்கள் இருவரின் படமும் மறுநாள் பேப்பரில்.

"பிரேக்கைத் தொடாதீங்க! ஆக்சிலேட்டரை மெதுவா விடுங்க!" என்று மட்கார்டில் இருந்தபடி கத்தினேன். (மட்கார்டில் உட்காரக்கூடாதுதான். எங்கள் ஊரில் மருமகனுக்கென்று வேறு சீட் கிடையாது.) வேகம் தணிந்ததும் ஆட்டமும் அடங்கியது.

குடிமங்கலம் பக்கம் ஒரு டீக்கடையில் ஓரங்கட்டினோம். எதிரே காற்றாலைகள். "காத்துக்குன்னே பொறந்த மிஷினு மாமா. அதுவே 90 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல காத்தடிச்சா தானா நின்னுக்கும்" என்றேன்.

"அது கம்பெனி வண்டி. நின்னாலும் சம்பளம் வரும்."

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் கட்டில், அடுப்போடு வீட்டையே இழுத்துப் போகிறவர்கள்கூடப் பலத்த காற்றென்றால் ஓரமாக நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"வீட்டை எதுக்கு இழுத்துட்டுப் போறானுக? வாடகை பாக்கியா?"

அதற்குள் டீக்கடைக்காரர் லோடைச் சுற்றி வந்தார். கட்டுத்தரையில் அவருக்கு மாடு நான்கு. மேல் வரிசைக் கட்டுகளைக் கொடுப்பீர்களா என்றார். கட்டுக்கு 20 ரூபாய் கூடக் கிடைக்கும் என்றதும் மாமாவுக்குப் பாதுகாப்பு உணர்வு பொங்கிவிட்டது. "மாப்ள சொல்றதும் சரிதானுங்க, லோடு ஒசரம் சாஸ்தி" என்று அவரே மேலேறி மூன்று வரிசையை இறக்கினார். மிச்சத்தைக் கயிறு போட்டு இறுக்கி, மிதிகளைப் பூட்டி, மாட்டுவண்டிக்கும் வழிவிட்டுத் தோட்டம் வந்து சேர்ந்தோம்.

அத்தை லோடை அண்ணாந்து பார்த்தார். "ஏனுங்க, இவ்வளவுதானா வாங்குனீங்க?"

மாமா பையில் இருந்த பணத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நெறையத்தான் வாங்குனேன். காத்துல போயிருச்சு. வேணும்னா மாப்ளையக் கேளு."