ஓய்வூதியத்தைச் சீட்டாகவே தந்துவிடலாமே!

அனுப்புநர்: சாலைக் கடைத்தெருவில் குடியிருக்கும் ஒரு தமிழன், திருவனந்தபுரம்.

பெறுநர்: இயக்குநர், கேரள மாநில லாட்டரித் துறை, விகாஸ் பவன், திருவனந்தபுரம்.

பொருள்: சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை ரொக்கத்துக்குப் பதில் லாட்டரிச் சீட்டாக வழங்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

2025 நவம்பரில் ஓய்வூதியம் 1,600-லிருந்து 2,000 ரூபாய் ஆயிற்று. தங்கள் துறையோ அந்த ஆண்டு மே மாதமே 40 ரூபாய்ச் சீட்டை 50 ரூபாய் ஆக்கிவிட்டது. முன்யோசனை என்றால் இதுவல்லவா! தினம் ஒரு சீட்டு எடுக்கும் பெரியவர் முன்பு 1,600-இல் ஏறத்தாழ 1,200-ஐ உங்களுக்குத் தந்துவிட்டு 400-இல் மாதத்தை ஓட்டினார். இப்போது 2,000-இல் 1,500 தந்துவிட்டு 500-இல் ஓட்டுகிறார். உயர்த்திய நானூறில் முந்நூறு வீடு திரும்பிவிட்டது.

இந்தப் பணம் எவ்வளவு அலைகிறது பாருங்கள். கருவூலத்திலிருந்து கூட்டுறவு வங்கிக்குப் போகிறது; வங்கி ஆள் வீடு தேடிப்போய் எண்ணிக் கொடுக்கிறார்; பெரியவர் அதை மடியில் கட்டிக்கொண்டு முக்குச் சீட்டுக்கடைக்கு வருகிறார்; அங்கிருந்து மறுபடி கருவூலம். நேரடியாக 40 சீட்டு கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் அலைச்சல் மிச்சம்.

கொள்கைச் சண்டையும் தீரும். அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும், அரசு ஒதுங்கட்டும் என்பது சந்தைக்காரர் கட்சி. விழுகிறவரைத் தாங்குவது அரசின் கடமை என்பது தோழர்கள் கட்சி. இந்த லாட்டரியைத் தொடங்கி இரண்டையும் ஒரே கல்லாப்பெட்டிக்குள் அடக்கியவர் 1967-இல் ஈ.எம்.எஸ். அமைச்சரவையின் நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26, குடியரசு நாளில். சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. அதன்பின் எத்தனையோ ஆட்சி மாறியும் இந்தக் கடையின் ஷட்டரை யாரும் இறக்கவில்லை. இன்றும் பிற்பகல் மூன்று மணிக்குப் பேக்கரி ஜங்ஷன் அருகே குலுக்கல் நடக்கிறது. கட்டடத்தின் பெயர் கார்க்கி பவன். அன்றாடங்காய்ச்சிகளின் பாட்டை எழுதியவர் பெயரிலேயே தினம் ஒரு கோடீஸ்வரரை உற்பத்தி செய்கிறீர்கள்.

நிதியமைச்சர் கே.எம். மாணி காலத்துக் காருண்யா லாட்டரி இன்னும் நேர்த்தி: ஏழை சீட்டு எடுத்தால், அந்த லாபத்தில் இன்னொரு ஏழையின் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் சிகிச்சை. விற்கிறவர் ஊன்றுகோலுடன் வெயிலில் நிற்கிறார். அவருக்கும் ஒரு நலநிதி வாரியம் உண்டு. வாங்குகிறவர், விற்கிறவர், பிழைக்கிறவர் எல்லாம் ஒரே வரிசை ஆட்கள். கவடியார் பங்களாக்களின் மதியத் தூக்கத்தைக் கெடுக்கத் தேவையே இல்லை.

தனியார் தருமமே போதும், அரசு எதற்கு என்போருக்கும் தாங்கள் சோதனை நடத்திக் காட்டியிருக்கிறீர்கள். 2022 திருவோணம் பம்பரில் 25 கோடி அடித்தது இந்த ஊர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு. கமிஷனும் வரியும் போக 15 கோடியே 75 லட்சம் என்று கணக்குச் சொன்னார்கள். பணம் கைக்கு வருமுன்னே ஆள் வந்துவிட்டது: மருத்துவச் செலவு, கடன், மகள் கல்யாணம். பாவம், தாசில்தார் ஆபீசில் நிற்கவேண்டிய வரிசை முழுக்க அவர் வாசலில். வீட்டில் தங்கமுடியாமல் உறவினர் வீடுகளுக்கு ஓடியவர், பரிசு விழாமலே இருந்திருக்கலாம் என்று வாய்விட்டுச் சொன்னார். ஒரு மாநிலத்தின் சமூகநலத் துறையை ஒரு குடும்பம் சில நாள்கூட நடத்தமுடியவில்லை.

இன்னொன்று. 2025 பிப்ரவரி 10-இலிருந்து செயலகத்து நடைபாதையில் ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் மாதக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் கிடந்தார்கள். வாங்கிக்கொண்டிருந்த 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கச் சொன்னார்கள். கஜானாவில் இல்லையென்றால் ஆளுக்கொரு பம்பர் சீட்டாவது கொடுத்திருக்கலாம். வேலைக்குக் கூலி கேட்பவர்களை அதிர்ஷ்டசாலிகளாக்கும் வசதி தங்களிடம்தானே இருக்கிறது?

எங்கள் தமிழ்நாட்டுக்கு இந்தச் சாமர்த்தியம் போதாது. அங்கே 2003-இல் லாட்டரிக்குத் தடை போட்டார்கள், அது ஏழைக் குடும்பங்களைக் கெடுக்கிறதாம். அதனால் எங்கள் ஆட்கள் எல்லை தாண்டிவந்து உங்கள் மூத்த குடிமக்களுக்குக் கைகொடுக்கிறார்கள். 2023 திருவோணம் பம்பரே வாளையாறில் சீட்டு வாங்கிய திருப்பூர்க்காரர் நால்வருக்குத்தான். ஏழைக் குடும்பங்களைக் காப்பாற்றிய அதே ஆண்டில் அந்த அரசு வேறொரு சில்லறை வியாபாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டதும் தாங்கள் அறிந்ததே.

ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளன்

நகல்: நிர்வாக இயக்குநர், டாஸ்மாக், எழும்பூர், சென்னை – தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்.