நிற்கிற வண்டியைப் பார்த்து வாங்குங்கள்

பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் வீட்டில் வண்டிப் பேச்சு தொடங்கிவிடும். திருத்தணி மாதிரி ஊரில் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. சித்தப்பா மைலேஜ் கேட்பார். மாமா ரீசேல் வேல்யூ கேட்பார். தினமும் அரக்கோணம் போய்வருகிற எதிர்வீட்டுக்காரர் பிக்கப் எப்படி என்பார். கூட்டாளிகள் சைலன்சர் சத்தத்தோடு திருப்தி அடைந்துவிடுவார்கள். பாட்டி மட்டும் கறுப்பு வேண்டாம் என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்வார். இவ்வளவு பேர் சொல்வதிலும், பாட்டியைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால், ஒரு பொது அம்சம் இருக்கிறது: வண்டி ஓடிக்கொண்டிருக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பழகுகிறவருக்கு ஓடுகிற வண்டியால் அவ்வளவு தொல்லை இல்லை. நிற்கும்போதும், நிறுத்தப் போகும்போதும், நின்றதைக் கிளப்பும்போதும்தான் மானம் போகிறது. ஆகவே முதல் வண்டியை அது ஓடும் அழகைப் பார்த்து வாங்கக் கூடாது, நிற்கும் லட்சணத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

காரணம் எளிது. வேகம் இருக்கும்வரை இரண்டு சக்கரமும் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. வேகம் போனதும் மொத்தப் பொறுப்பும் ஓட்டுகிறவரின் காலுக்கு வந்து சேர்கிறது. பாதம் முழுதாகத் தரையில் பதிந்தால் வண்டி நிற்கும். நுனிவிரல் மட்டும் பட்டால், நிற்பதா வேண்டாமா என்று வண்டி யோசிக்கும். ஆகையால் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டே இரண்டு: சீட்டின் உயரம், வண்டியின் எடை. இரண்டையும் விளம்பரத் தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் 785 மில்லிமீட்டர் உயரம், 112 கிலோ. ஹோண்டா ஷைன் 100 ஒரு மில்லிமீட்டர் கூடுதல் உயரம், ஆனால் 99 கிலோதான். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 என்றால் 805 மில்லிமீட்டர், 195 கிலோ. ஸ்ப்ளெண்டருக்கும் கிளாசிக்குக்கும் வித்தியாசம் 83 கிலோ. அதாவது கல்யாண விருந்து முடித்துவிட்டு வந்த ஒரு பெரியப்பாவை ராப்பகலாக வண்டியில் ஏற்றியே வைத்திருப்பது போல. நேர் ரோட்டில் பெரியப்பா அமைதியாகத்தான் வருவார். யூ டர்ன் அடிக்கும்போதுதான் ஒரு பக்கமாகச் சாய்வார்.

இதைச் சோதிக்க நம் ஊரைவிடத் தோதான இடம் கிடையாது. கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு 365 படி, வண்டியில் போகிறவர்களுக்கு மலைப்பாதை. கிருத்திகை நாளில் அந்த ஏற்றத்தில் முன்னால் போகிற வேன் திடீரென்று நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உருளாமல் இருக்க வலது கால் பிரேக்கை மிதித்தாக வேண்டும். இடது கை கிளட்சைப் பிடித்திருக்கிறது. வலது கை ஆக்சிலேட்டரில். ஆக, வண்டியையும் ஓட்டுகிறவரையும் பின்னால் உட்கார்ந்து முருகா முருகா என்கிற அத்தையையும் சேர்த்துத் தாங்குவதற்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடது கால். ரோடும் ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும் என்பதால் அந்தக் காலுக்குத் தரை இன்னும் ஒரு விரற்கடை கீழே போயிருக்கும். இந்த நேரத்தில் வண்டிக்கு எத்தனை குதிரைத்திறன் என்பது யாருக்கும் நினைவுக்கு வராது. எத்தனை கிலோ என்பது இடுப்புக்குத் தெரியும்.

அனுபவம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். எந்த வண்டியில் வந்த அனுபவம் என்பதையும் கேட்க வேண்டும். ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981-ல் அறிக்கை வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கியவர்களுக்கு மொத்தமாக ஏறக்குறைய மூன்று வருடம் ஓட்டிய பழக்கம் இருந்தது. ஆனால் விபத்துக்குள்ளான அதே வண்டியில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்து மாதப் பழக்கம்கூட இல்லை. 92 சதவீதம் பேர் தாங்களாகவோ, வீட்டாரிடமோ, நண்பர்களிடமோ கற்றுக்கொண்டவர்கள். இந்தக் கடைசி விஷயத்தில் அமெரிக்காவுக்கும் காந்தி சிலை பக்கத்து டீக்கடைக்கும் அதிக தூரம் இல்லை. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு சாலை விபத்தில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள் என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. சிரித்துக்கொண்டே எழுதினாலும் இந்த எண்ணைத் தாண்டிப் போக முடியாது.

சட்டமாவது தடுக்குமா என்றால், நம் சட்டம் இந்த விஷயத்தில் தாராள மனசு கொண்டது. எல்.எல்.ஆர். போட்டு முப்பது நாள் கழித்து, கால் ஊன்றாமல் ஒரு எட்டுப் போட்டுக் காட்டினால் கியர் வண்டிக்கு லைசென்ஸ். அதே அட்டையை வைத்துக்கொண்டு 100 சிசியும் ஓட்டலாம், 1000 சிசியும் ஓட்டலாம். ஐரோப்பாவில் இளைஞர்களுக்குப் படிகள் வைத்திருக்கிறார்கள்: முதலில் 125 சிசி, 11 கிலோவாட்டுக்கு மேல் கூடாது, அடுத்து 35 கிலோவாட் வரை, அதன் பிறகுதான் எந்த வண்டியும். படிகளுக்குப் பேர்போன நம் ஊரில் அந்தப் படிகளை வீட்டில் உள்ளவர்கள்தான் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்ப்ளெண்டருக்குச் சுமார் 8 குதிரைத்திறன், கேடிஎம் டியூக் 390-க்கு நாற்பதுக்கு மேல். ஒரே கையெழுத்தில் இரண்டுக்கும் அனுமதி!

இனி மறுப்புகள். கனமான வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும் என்பது முதலாவது. உண்மைதான், திருப்பதி ரோட்டில் எண்பதில் போகும்போது. பழகுகிறவர் எண்பதில் போகவே கூடாது. பத்தில் தடுமாறுவதுதான் அவருடைய பிரச்சினை. புல்லட்டை ராணுவமே வாங்கியதே என்பார்கள். வாங்கியது, 1950-களில், எல்லைக் காவலுக்கு. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி உருவானதும் அதையொட்டித்தான். நம் எல்லை நகரிக்கு இந்தப் பக்கம். ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்துவிட்டது. இனி அங்கே ரோந்து போக வேண்டிய அவசியம் இல்லை. அப்பாவின் பழைய புல்லட் சும்மாதானே நிற்கிறது என்கிறவர்கள் கொஞ்சம் குனிந்து பார்க்கட்டும். அந்தக் காலத்து வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதில் பழகிய கால் வேறு வண்டியில் ஏறி, நாய் குறுக்கே வந்த அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிக்கும்.

பெரிய வண்டி கௌரவம் என்பது அடுத்தது. குறிப்பாக மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் சொல்வது. நம் மலைக்கோயிலிலேயே இதற்கு ஒரு சேதி இருக்கிறது. தெய்வானையைக் கட்டிக்கொடுத்தபோது இந்திரன் ஐராவதத்தைச் சீராகக் கொடுத்தானாம்; யானை போன பிறகு அவன் லோகத்தில் செழிப்புக் குறைந்ததாம்; அதனால்தான் ஐராவதம் இந்திரன் இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்து நிற்கிறது என்கிறது தல வரலாறு. மகளுக்குக் கல்யாணம் பண்ணி, 350 சிசிக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் மாமனார்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

மூன்றாவது மறுப்பை என்னால் அப்படிச் சிரித்துத் தள்ள முடியவில்லை. ஏபிஎஸ் பிரேக்கை 2019-ல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான் கட்டாயமாக்கினார்கள். சின்ன வண்டிகளுக்கு இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் சிபிஎஸ் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். பயத்தில் முன்பிரேக்கைக் கசக்கிப் பிடிப்பது பழகுகிறவர் செய்கிற காரியம்தானே, அப்படியானால் ஏபிஎஸ் முதலில் அவருக்குத்தானே வேண்டும்? நியாயம். அதனால், கால் நன்றாக ஊன்றுகிற உயரமான பிள்ளையாக இருந்து, 140 கிலோவுக்குள் அடங்குகிற 160 சிசி வண்டியாகவும் இருந்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் ஏபிஎஸ் என்ற மூன்றெழுத்தைக் காட்டி 815 மில்லிமீட்டர் உயரத்தில் குப்புறப் படுத்து ஓட்டுகிற வண்டிக்குத் தாவுகிற வாதம் செல்லாது. அந்த மாதிரி வண்டியில் ஹேண்டிலை ஒடித்துத் திருப்புவதற்குள் சன்னிதித் தெரு முடிந்துவிடும்.

எடைதான் முக்கியம் என்றால் டிவிஎஸ் எக்ஸ்எல் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அற்புதமான வண்டி, தொண்ணூறு கிலோவுக்குள் இருந்துகொண்டு தன்னைவிடக் கனமான மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோகும். ஆனால் கியரும் மாற்ற வேண்டாம், கிளட்சும் பிடிக்க வேண்டாம். அதில் பழகினால் கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ் கிடைக்கும். அது போதும் என்கிறவர்களுக்கு என் வாழ்த்துகள், அவர்கள் இந்தக் கட்டுரையை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

மற்றவர்கள் செகண்ட் ஹேண்டில் 100 சிசி பாருங்கள். அது நாலு தடவை விழும். ஏற்கெனவே கீறல் விழுந்த வண்டி என்றால் மனசும் கிழியாது, அப்பாவும் பேசமாட்டார். ஆந்திரப் பதிவு எண்ணோடு பக்கத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று கிளம்புகிறவர்கள் மட்டும் ஆர்.சி. புக்கைப் பிடித்துப் பார்த்து, அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி. கைக்கு வந்த பிறகு பணத்தை எண்ணுங்கள். வேறு மாநில வண்டியை இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது எண் வாங்க வேண்டும், வரியும் கட்ட வேண்டும். மலிவு அங்கேயே தீர்ந்துவிடும்.

புதிதாக வாங்குவதானால் ஷோரூமில் பிள்ளையை உட்காரச் சொல்லி, இரண்டு குதிகாலும் தரையில் படுகிறதா பாருங்கள். பிறகு இறங்கி, வண்டியைத் தானே பின்னால் தள்ளி வாசல் சரிவில் இறக்கட்டும். “விடுங்க சார், நம்ம பசங்களே வெளியில எடுத்து வெச்சிருவாங்க” என்பார்கள். விடாதீர்கள். அவர்கள் மலையடிவாரப் பார்க்கிங்குக்கெல்லாம் வரமாட்டார்கள். பூஜைக்கு மேலே ஏற்றிப் போவதை முதல் நாள் மட்டும் ஓட்டத் தெரிந்தவரிடம் விட்டுவிட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றும்போது இன்ஜினை அணைத்து உருட்டிவிட்டால் அர்ச்சகருக்கும் நிம்மதி. மாலை சக்கரத்துக்குள் தொங்காமல் இருந்தால் போதும். ஸ்பீடாமீட்டரை மறைக்கிறதே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். அதைப் பார்க்கிற அளவுக்கு வேகம் வர இன்னும் நாளாகும்.