இளைத்தவன் ஓடுவான்

கேள்வி: ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்ஜின் சிறுத்துக்கொண்டே போகிறதே, இனி வேகம் என்ன ஆகும்?

பதில்: எடையும் கூடவே இறங்கினால் வேகம் எங்கேயும் போகாது. 2017-ல் வந்த பிரான்சின் ஆல்பைன் ஏ110-ஐப் பாருங்கள். நான்கே சிலிண்டர், 1.8 லிட்டர், டர்போவோடு 252 குதிரைத்திறன். உடம்பெல்லாம் அலுமினியம், எடை சுமார் 1,100 கிலோதான். 100 கி.மீ. வேகத்தை 4.5 விநாடியில் தொட்டுவிடும். இருக்கை ஒன்று வெறும் 13.1 கிலோ என்றால், எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருக்கிறார்கள்!

மெர்சிடிஸ்-ஏஎம்ஜி சி63-ம் வி8-ஐ விட்டு 2 லிட்டருக்கு இறங்கியது. ஆனால் பேட்டரியும் மோட்டாரும் ஏறிக்கொள்ள, எடை 2,100 கிலோவைத் தாண்டிவிட்டது. குதிரைத்திறன் 680 இருக்கிறது, நேர்ச்சாலையில் சீறும். வளைவிலும் பிரேக்கிலும் டயர்தானே அத்தனை பாரத்தையும் தாங்க வேண்டும்? மூட்டை சுமந்தவனுக்கு ஓட்டப்பந்தயம் எதற்கு? என் ஓட்டு ஆல்பைனுக்கே.