ஐந்தாண்டு ஓய்வு, புதுமுகம் தயார்

அணியைப் புதுப்பிக்கும் வித்தையைச் சென்னை சூப்பர் கிங்ஸிடம்தான் கற்க வேண்டும். 2025 ஐபிஎல்லில் 17 வயது ஆயுஷ் மாத்ரேவும் புதுமுகம், 43 வயது தோனியும் புதுமுகம். நாட்டுக்காகக் களமிறங்கி ஐந்தாண்டு ஆகிவிட்டால், ஆடவே ஆடாதவர் கணக்கில் சேர்த்துவிடலாம். 2011 உலகக் கோப்பை பழங்கதை. வெறும் 4 கோடிக்கு இப்படியொரு கன்னி வீரர் எங்கே கிடைப்பார்! பத்து அணிகளில் பத்தாமிடம் வந்தது தற்செயல்.

பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் டென்னிஸ் பந்தில் ஆடும் பொடியன்களிடம் விதியை விளக்கினேன். முழங்கால் பட்டையை இழுத்துவிட்டபடி, "நான் மட்டை தொட்டு முப்பது வருஷம். அப்போ நானும் புதுமுகம்தான்" என்றேன்.

கீப்பர் பையன் யோசித்தான். "சரி அங்கிள், வாங்க. எங்க டீம்ல புதுசா வர்றவங்கதான் பந்து பொறுக்கணும். முள்ளுக்குள்ள ரெண்டு கெடக்கு."