இருட்டுக்கு எத்தனை மெகா பிக்சல்?

எங்கள் வளவில் அந்தக் காலத்தில் ராக்காவல் பார்த்தவர்களை இன்றைக்கு எந்தக் கடைக்காரரும் பரிந்துரைக்கமாட்டார். மதுரை வடக்கு மாசி வீதியை ஒட்டிய சந்து. ஒரே தலைவாசலுக்குள் வரிசையாகக் குடித்தனங்கள். அந்த வாசலை அடைத்தாற்போலப் பாய் விரித்துப் படுப்பது அப்பத்தா. இரண்டு கண்ணிலும் புரை. முன்னால் நின்று சிரித்தால் யாரென்று தெரியாது. இருமினால் தெரியும். செருப்பைத் தேய்த்து நடந்தால் தெரியும். அடிமேல் அடி வைத்து உள்ளே நுழைகிறவனிடம், “ஏன்டா, செகண்ட் ஷோ விட்டு இம்புட்டு நேரமா?” என்று படுத்தபடியே கேட்கும்.

அடுத்தவர் கூர்க்கா. கரண்டுக் கம்பத்தில் தடியால் ஒரு தட்டு, பிறகு ஒரு விசில். ‘நான் இந்த முனையில் இருக்கிறேன், அந்த முனை காலி’ என்று திருடனுக்குச் சொல்லி அனுப்புகிற ஏற்பாடு அது என்பது அப்பாவின் கட்சி. ஆனாலும் மாதம் பிறந்தால் சல்யூட் அடித்துக்கொண்டு வந்து நிற்கும் ஆளுக்குப் பத்து ரூபாய் தராமல் இருந்ததில்லை.

மூன்றாவது, நடையில் எரியும் ஜீரோ வாட்ஸ் பல்பு. பெயர்தான் ஜீரோ, சுமார் 15 வாட் இழுக்கும். ராத்திரி வெளிச்சத்தைப் பற்றி எண்ணில் புளுகுவது புதிய பழக்கம் இல்லை என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

இத்தனை காவலையும் மீறி ஒரு பித்தளை அண்டா காணாமல் போயிற்று. சைக்கிள் டைனமோக்கள் போய்க்கொண்டே இருந்தன. எனவே திருட்டே இல்லாத பொற்காலம் என்று நான் பாட வரவில்லை. பெரிய திருட்டு என்றால் பேப்பரில் வரும். மர்ம நபர்கள் கைவரிசை காட்டியிருப்பார்கள், மிளகாய்ப் பொடி தூவியிருப்பார்கள், மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றிருக்கும், யாரையும் கவ்விப் பிடித்திருக்காது. ஊரையும் பவுனையும் மட்டும் மாற்றி, அதே செய்தியைப் பல வருஷம் ஓட்டினார்கள்.

ஊரின் பெருமையையும் சொல்லவேண்டும். மதுரைக்காஞ்சியிலேயே எங்கள் ஊர் ராத்திரிக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு. கருப்பு உடுத்தி, இடுப்பில் நூலேணி சுற்றிக்கொண்டு, கண்மூடித் திறப்பதற்குள் மறைந்துபோகும் திருடர்கள்; மழை கொட்டும் நடுச்சாமத்திலும் அவர்களைத் தேடித் திரியும் காவலர்கள். அந்தக் கருப்பு உடையையும் கண்மூடித் திறக்கும் நேரத்தையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேமரா வாங்கும்போது இரண்டும் தேவைப்படும்.

இப்போது வீடு அய்யர் பங்களா பக்கம். நாலு பிளாட்டுக்கு ஒரு வீடு, மிச்சமெல்லாம் கருவேல முள். தூங்கா நகரம் இந்தப் பக்கம் ஒன்பது மணிக்கே தூங்கிவிடுகிறது. பெங்களூரிலிருந்து மகன் தினமும் போனில், “கேமரா போட்டாச்சாப்பா?” என்று கேட்கத் தொடங்கினான்.

கடைக்காரத் தம்பி முதலில் கேட்டது, “எத்தனை எம்பி சார்? ரெண்டா, அஞ்சா, எட்டா?” எட்டுதான் நல்லது என்று எவனுக்கும் தோன்றும். பகலுக்குச் சரி. கேமராவுக்குள் இருக்கும் சென்சர் விரல் நகத்தைவிடச் சின்னது. அதே அளவை எட்டு மெகா பிக்சலாகப் பிரிப்பது, ஒரே ஏக்கரை எட்டுப் பங்காளிக்குப் பாகம் பிரித்த கதை. தலை கூடக் கூட ஒவ்வொருவர் கைக்கும் வருவது குறைகிறது. ராத்திரியில் பங்கிடக் கிடைக்கும் வெளிச்சமோ கொஞ்சம். ஆகவே ராத்திரிக்கென்று வாங்குகிறவர் கேட்கவேண்டியவை வேறு. சென்சர் 1/2.8 அங்குலமா, அதைவிடப் பெரிய 1/1.8ஆ? லென்ஸ் எஃப் 2.0ஆ, எஃப் 1.0ஆ? பின்னது முன்னதைப் போல நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். பெரிய சென்சரில் நாலு எம்பி இருந்தால் போதும் என்பது என் முடிவு. தம்பிக்கு அதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை.

இவ்வளவு வெளிச்சம் இருந்தாலே போதும் என்று அட்டைப் பெட்டியில் ‘0.001 லக்ஸ்’ போட்டிருந்தது. நட்சத்திர வெளிச்சத்தில் கலர் படம் என்று விளக்கம் வேறு. அந்த எண்ணை எப்படி அளந்தார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்தால் எந்தக் கேமராவும் இருட்டைப் பகலாக்கும். அந்தப் படத்தில் நிற்கும் வேப்பமரத்தின் இலையை எண்ணலாம். நடக்கிற ஆள் புகையாகக் கரைந்துபோவான். கண்மூடித் திறப்பதற்குள் மறைகிறவன் என்று புலவர் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது. கடையில் காட்டும் டெமோவில் எப்போதும் நிறுத்திவைத்த காரும் பூந்தொட்டியும்தான் வரும். “ராத்திரி ஒரு ஆள் கேட்டைத் திறந்து நடந்து வர்ற வீடியோ காட்டுங்க தம்பி” என்று கேட்டுப் பாருங்கள். மெகா பிக்சல் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

பிறகு ஐஆர், அதாவது அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாத இந்த வெளிச்சத்தை 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். பட்டகம் பிரித்த நிறங்களில் சிவப்புக்கு அப்பால், ஒன்றுமில்லாத இடத்தில், வெப்பமானி ஏறுவதைப் பார்த்தார். அதே சமாச்சாரம்தான் இப்போது எங்கள் போர்ட்டிகோவில் எரிகிறது. பொழுது சாய்ந்தால் கேமராவுக்குள் ‘டிக்’ என்று சின்னச் சத்தம். பகலில் ஐஆரைத் தடுத்துக்கொண்டிருந்த கண்ணாடி ஒதுங்குகிறது, படம் கருப்பு வெள்ளைக்கு மாறுகிறது. விளக்குகளில் இரண்டு ரகம். 850 நானோமீட்டர் ரகம் தூரம் எட்டும், ஆனால் மங்கலாகச் சிவப்புக் கங்கு தெரியும். கேமரா எங்கே இருக்கிறது என்று திருடனுக்கும் தெரியும். 940 ரகத்தில் கங்கு தெரியாது, தூரமும் அவ்வளவு எட்டாது. கூர்க்காவின் விசில் பிரச்சினை இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தீர்ந்தபாடில்லை.

இந்த வெளிச்சத்துக்கு நம்முடைய நிறங்கள் பிடிபடாது. பல சாயங்கள் ஐஆரைத் திருப்பி அடிக்கும். கருப்புச் சட்டை போட்டவன் திரையில் வெள்ளைச் சட்டையோடு வருவான். கருப்பு உடுத்திய அந்தச் சங்ககாலத் திருடன் எங்கள் கேமராவில் அரசியல்வாதியாகத் தெரிந்திருப்பான். வண்டி நம்பர் பலகைகள் வெளிச்சத்தைப் பளிச்சென்று திருப்பி அடிப்பவை என்பதால், பல நேரம் நம்பர் இருக்கும் இடத்தில் வெறும் வெள்ளைச் சதுரம்தான் இருக்கும். கேமராவுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருந்தால் ஐஆர் அதில் பட்டுத் திரும்பும். கேமரா கண் கூசிப்போய் மற்றதையெல்லாம் இருட்டாக்கிவிடும். டோம் கேமராவின் மூடியில் தூசு படிந்தால் படமே பனிமூட்டம். இந்தத் தூசைக் கருதித்தான் வெளியில் வைக்க, குழல்போல நீண்ட புல்லட் ரகமே மேல் என்கிறேன்.

பூச்சி விளக்குக்கு வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், இரண்டுக்குமாகப் பல்லி வரும். லென்சுக்கு ஓரங்குல தூரத்தில் ஓர் இழை காற்றில் ஆடினால் திரையில் வெள்ளைக் கயிறு ஒன்று வானத்துக்கும் பூமிக்கும் ஊசலாடும். உடனே போனில் ‘அசைவு கண்டறியப்பட்டது’. எழுந்து கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்தால், முதலை அளவுக்குப் பல்லியின் வயிறு. படுத்தால் மறுபடியும் அசைவு. காவலுக்கு ஆள் வைத்தால் வீட்டுக்காரன் தூங்கலாம் என்பதுதான் பழைய ஒப்பந்தம். “ஒண்ணு அதை அமத்துங்க, இல்ல நீங்க போர்ட்டிகோவுல போய்ப் படுங்க” என்று வீட்டில் உத்தரவு. அமத்தினேன். மனிதன், வண்டி என்று பிரித்துச் சொல்லும் ரகம் இருக்கிறது; அது கொஞ்சம் தேவலை.

லென்ஸ் விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெரும்பாலும் 2.8 மில்லிமீட்டர் லென்சைத்தான் மாட்டுவார்கள். கேட், கிணறு, தெரு, எதிர் பிளாட் எல்லாம் ஒரே படத்தில் விழும். வீட்டுக்காரருக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவனை முகத்தால் அடையாளம் காண, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்று சர்வதேசத் தரநிர்ணயம் சொல்கிறது. 2 எம்பி படத்தின் குறுக்கே இருப்பதே 1920 பிக்சல்தான். வகுத்துப் பாருங்கள்: ஏழரை மீட்டர் அகலக் காட்சிக்கு மேல் தாங்காது. அகன்ற லென்சில் அந்த அகலம் மூன்று நாலு மீட்டர் தூரத்திலேயே வந்துவிடும். அதாவது நல்ல பகலில், பத்துப் பன்னிரண்டு அடிக்குள் வந்து நின்றால்தான் முகம். அதற்கு அப்பால் தெரிவது ‘மர்ம நபர்’. ஆகவே மொத்தத்தையும் பார்க்க ஒன்று, கேட்டை மட்டும் பார்க்க 6 மில்லிமீட்டரில் இன்னொன்று. அதையும் மொட்டைமாடி உயரத்தில் மாட்டினால் கிடைப்பது உச்சந்தலை. எட்டடிக்குள் மாட்டுங்கள்.

கடைசியில் தம்பி கலர் நைட் விஷன் ஒன்றைக் காட்டினார். ராத்திரியிலும் சட்டை நிறம் தெரியுமாம். பிரித்துப் பார்த்தால் லென்சுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை எல்இடி விளக்கு. வாசலில் விளக்கு எரிந்தால் ஆள் தெரியும் என்பதை இவ்வளவு விலை கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று, ஆள் வந்தால் எரிகிற பல்பு ஒன்றைக் கேட்டுக்குத் தனியாகப் போட்டேன். அதன் பெட்டியில் 10 வாட் என்று எழுதியிருந்தது, நம்பித்தான் ஆகவேண்டும்.

வாசலில் நிற்பவன் யார் என்று கதவைத் திறக்காமல் பார்க்கவேண்டும் என்று முதலில் தவித்தது எந்தக் கம்பெனியும் அல்ல, நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ். நேரங்கெட்ட நேரத்தில் வீட்டில் தனியே இருக்கவேண்டிய வேலை. எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த கணவர் ஆல்பர்ட்டோடு சேர்ந்து கதவில் நாலு துவாரம் போட்டு, அவற்றுக்கிடையே ஏறி இறங்கும் கேமரா வைத்து, உள்ளிருந்தே வெளியாளோடு பேசவும் தாழ்ப்பாளைத் திறக்கவும் வழி செய்தார். 1966இல் விண்ணப்பம், 1969இல் காப்புரிமை.

ரெக்கார்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய வழி டிவிஆர்: கேமராவுக்கு ஒரு 3+1 கேபிள், இரண்டு முனையிலும் பிஎன்சி, கரண்டுக்கு எஸ்எம்பிஎஸ் பெட்டி. சிக்கனம், ரிப்பேருக்கு ஆள் கிடைக்கும். புதிய வழி என்விஆர்: ஒரே நெட்வொர்க் கேபிளில் படமும் கரண்டும். புது வீடு கட்டுகிறவர் இரண்டாவதற்கே குழாய் பதிக்கட்டும். “1 டிபி ஹார்டு டிஸ்க் போதும் சார், ஒரு மாசம் நிக்கும்” என்றார் தம்பி. ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் எழுதினால் நாளுக்கு 43 ஜிபி; நாலு கேமராவுக்கு 172. 1 டிபி ஆறு நாள் முழுசாகத் தாங்காது. ஹெச்.265 முறையில் சுருக்கினால் ஏறக்குறைய இருமடங்கு நாள். இருட்டுப் படத்தில் புள்ளி புள்ளியாகப் பிசிறு கூடும். அதைச் சுருக்குவதும் கஷ்டம். ஓயாமல் எழுதுவதற்கென்றே வரும் கண்காணிப்பு ஹார்டு டிஸ்க்காகப் பார்த்து 4 டிபி வாங்கினேன்.

ஹாலில் டிவிக்குக் கீழே வைக்கப்போன தம்பியே, “வேணாம் சார், போகும்போது இதையும் தூக்கிட்டுப் போயிருவாய்ங்க” என்று நிறுத்தினார். மிளகாய்ப் பொடிக்கு அடுத்தபடியாக இப்போது பேப்பரில் தவறாமல் வரும் வரி அதுதான்: சிசிடிவி ஹார்டு டிஸ்க்கையும் எடுத்துச் சென்றனர். எனவே பரண், கூடவே ஒரு சின்ன யுபிஎஸ். பாஸ்வேர்டை அன்றே மாற்றச் சொன்னேன். 2016இல் மிராய் என்ற நிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் உலகெங்கும் படையாகத் திரட்டி, அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியது. வீட்டுக்காரர்கள் ஒன்றும் அறியாமல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். பில்லோடு அந்தச் சோதனைச் சான்றையும் கேட்டு வாங்குவது நல்லது.

மாட்டிய கொஞ்ச காலத்திலேயே பக்கத்துத் தெருவில் ஒரு பைக் போயிற்று. ஏட்டையா பென்டிரைவோடு வந்தார். காட்சி கிடைத்தது: தலையில் துண்டு, வெள்ளையோ கருப்போ ஒரு சட்டை, நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைச் சதுரம். ஏட்டையா மனம் தளரவில்லை. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, பதிவு எடுத்த கருவி அந்த நேரத்தில் ஒழுங்காக வேலை செய்தது என்று நான் சான்று தரவேண்டுமாம்.

“ரெண்டாம் நம்பர் கேமராவுல அந்நேரம் பல்லி உக்காந்திருந்துச்சுங்கய்யா. அதையும் எழுதணுமா?”

ஏட்டையா படிவத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார். “பல்லிக்கு இதுல எடமில்ல சார். நீங்க கையெழுத்துப் போடுங்க.”