சொட்டாமல் மறையும் தண்ணீர்

கேள்வி: என் பழைய மாருதி 800-இல் ரேடியேட்டர் தண்ணீர் அடிக்கடி குறைகிறது. கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. மெக்கானிக், 'ஹெட் கேஸ்கெட் போச்சு' என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஆனால் ஹெட்டைக் கழற்றும் முன் சாட்சி கேளுங்கள்!

எஞ்சின் முழுதாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள் (சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்). ஓயாமல் குமிழி வந்தால் முதல் சாட்சி. எஞ்சின் சூடேறிய பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் இரண்டாம் சாட்சி. குளிர்ந்த காலையில் சற்று நேரம் வரும் புகை வெறும் நீராவி. அதன்மேல் வழக்கு இல்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம். கம்ப்ரெஷன் டெஸ்டில் அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் அழுத்தம் குறைந்தால் தீர்ப்பே எழுதலாம்.

சாட்சி எதுவும் இல்லையா? ரேடியேட்டர் மூடியையும் வாட்டர் பம்பையும் விசாரியுங்கள். கேஸ்கெட்தான் என்றால், லேத்தில் ஹெட்டின் சமதளத்தைப் பார்க்காமல் பூட்ட விடாதீர்கள். வளைந்த அலுமினிய ஹெட் புதுக் கேஸ்கெட்டையும் தின்றுவிடும்.