பல்லு வளருதுங்களா மாப்ள?

ஏனுங் மாப்ள, சிரிச்சா உங்க பல்லு முந்தியவிட நீட்டமாத் தெரியுதே, இந்த வயசுல வளருதுங்களா? அப்படீன்னா எம் புள்ளகிட்டச் சொல்லிச் சுத்திப் போடச் சொல்றனுங்.

பல்லு வளரலீங், ஈறு எறங்கிருச்சு. அடியில மஞ்சளா ஒரு பட்டை தெரியுதே, அது வேரு. அதுக்கு மேல எனாமல் இல்ல. அதான் பேக்கரில ஜில்லுன்னு ஒரு வாய் குடிச்சதும் கண்ணை மூடிக்கிட்டீங்க. நானும் சாமி கும்பிடறீங்கன்னு நெனச்சேன்.

“ரத்தமே வர்றதில்லீங் மாமா”ன்னு பெருமை வேற. எப்படீங் வரும்? சிகரெட்டு ஈறுல ரத்த ஓட்டத்தைச் சுருக்கிருதே. கேடு வந்தாலும் காட்டிக் குடுக்க ஆளில்ல. குட்காவுக்கு 2013-லயே சர்க்காரு தடை போட்டாச்சு. உங்க கீழ்க்கன்னத்துக்கு மட்டும் அந்த உத்தரவு வந்து சேரலையாட்ட இருக்குதுங். பொட்டலத்தை அதக்கற எடத்துலதான் ஈறு மொதல்ல தேயும்.

ஈறாச்சும் கண்ணாடியில தெரியும். உள்ள பல்லைப் புடிச்சு நிக்கற எலும்பு கரையறது எக்ஸ்ரேலதாங் தெரியும். அழுக்குப் படிஞ்சு காரையாகி, ஈறுக்கு அடியில போயிப் புண்ணாகுது. அந்தக் கிருமியோட மல்லுக்கட்டறேன்னு நம்ம ஒடம்பே எலும்பையும் சேத்துக் கரைச்சிருதுங். போனது தானா வளராது. சக்கரை இருந்தா இன்னும் வேகம். ஈறு கெட்டா சக்கரையும் எறங்காது.

டாக்டரு மெல்லிசாக் குச்சி ஒண்ணை ஈறுக்குள்ள உட்டு அளப்பாரு. 3 மில்லிமீட்டருக்குள்ள நின்னாச் சரி. உங்க கம்பெனித் துணியில ஜி.எஸ்.எம். கனம் ஏறுனா உங்களுக்குச் சந்தோசம், இங்க ஏறக்கூடாதுங்.

க்ளீன் பண்ணுனா பல்லு ஆடும்னு கட்டிங் மாஸ்டரு சொன்னாராக்கும்? அது முன்னாடியே ஆடற பல்லுங். காரை இறுக்கி வெச்சிருந்துச்சு, எடுத்ததும் உண்மை வெளிய வருது, அவ்வளவுதான்.

சம்பளத்துல நூத்துக்கு முக்கா ரூவா இ.எஸ்.ஐ.க்குப் போகுது, மொதலாளி மூணேகால் போடறாரு. புடிக்கறப்ப மொனகறீங்களே, அந்தக் கார்டுல ஒருநா பல்லைக் காட்டுனா என்னங்? ஒன்றரை ஷிப்டு, நேரமில்லீம்பீங்க. கெடா வெட்டுன்னா மட்டும் ஓவர்டைம் தானா நிக்குது. அங்கயும் போன நோம்பிக்கு நல்லியெலும்பை எந்தட்டுல தள்ளி உட்டுட்டு, ஈரலை மட்டும் எடுத்துக்கிட்டீங்க. மாமனுக்கு மரியாதைன்னு எம் புள்ள பூரிச்சுப் போச்சு. நான் உங்க பல்லைத்தானுங் பாத்தேன்.